காற்றுக்குப் படி கிடையாது

எங்கள் ஊரில் எந்தக் கேடு வந்தாலும் கத்துவதற்கு ஒரே சொல்தான் இருந்தது. "ஏறு!"

ஆற்றைப் பார்த்த யாராவது தொண்டை கிழிய "ஏறு!" என்பார். பக்கத்துக் கடைக்காரர் அதை வாங்கி அடுத்த தெருவுக்கு அனுப்புவார். அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உயரமான கட்டடம் எதுவோ அதில் ஏறிவிடுவோம். ஏன், எதற்கு என்று கேட்கிற பழக்கமே கிடையாது. நின்று கேட்டவர்களின் வாரிசுகள் ஊரில் அதிகம் இல்லை.

வெள்ளம் வடிந்தபின் "இறங்கு!" என்று இன்னொரு சத்தம் வரும். அதற்கு, ஆபத்து போய்விட்டது, அவசரமில்லை என்று பொருள். போர்வையை மடிப்போம், செருப்பைத் தேடுவோம், படியில் நின்று ஊர்க்கதை பேசுவோம், பிறகு ஆடி அசைந்து இறங்குவோம்.

நான் மூட்டை தூக்குகிறவன். ஆற்றோரம் இருக்கும் பெரிய கிடங்கில் வேலை. கீழ்த்தளத்தில் மாவு மூட்டைகள், நடு மாடிகளில் மற்ற சரக்குகள், உச்சியில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு தையல் கூடம். அந்தக் கூடத்தில் என் மனைவிதான் மேஸ்திரி. கீழ்த்தளத்துக்கும் அடியில் ஒரு நிலவறை உண்டு, தரையில் பதித்த கதவைத் தூக்கித் திறந்துதான் இறங்க வேண்டும். அதற்கு 'குளம்' என்று பெயர். ஆறு லேசாகப் பொங்கினாலே முதலில் நிறைவது அதுதான். காலிப் பீப்பாய்களைத் தவிர அங்கே எதையும் வைக்க மாட்டோம்.

கிடங்கின் படிக்கட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளம் எந்தப் படி வரை வந்ததோ, அந்தப் படியின் நெற்றியில் அந்த வெள்ளத்தின் பெயரைப் பெயிண்ட்டால் எழுதி வைப்போம். எழுதுவது என் மச்சான், மனைவியின் தம்பி. கிடங்கின் வாசல் காவலும் அவன்தான். அவனுக்கு முன் அவன் அப்பா எழுதினார்.

அடியில் 'சோப்பு வெள்ளம்' இருக்கிறது. சோப்புக் கடைக்குள் தண்ணீர் புகுந்து தெருவெல்லாம் நுரை தள்ளிய வருஷம் அது. ஊரே ஒட்டுமொத்தமாகச் சுத்தமாக இருந்தது அந்த ஒரு தடவைதான் என்பார்கள். அதற்கு மேலே 'மாப்பிள்ளை வெள்ளம்'. மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருவர் மாடியில் மாட்டிக்கொண்டார். தண்ணீர் வடிவதற்குள் மாமனாரோடு சண்டை போட்டு, பேச்சை நிறுத்தி, சமாதானமும் ஆகிவிட்டார். இன்னும் மேலே 'கன்றுக்குட்டி வெள்ளம்'. யார் வீட்டுக் கன்று என்று கடைசி வரை தெரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் முந்தி மேலே வந்து நின்றது.

எல்லாவற்றுக்கும் உயரத்தில் ஒரு படி இருக்கிறது. அதில் வெறும் வெள்ளைக் கோடு மட்டும். பெயர் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பீப்பாய்களைக் காப்பாற்றுகிறேன் என்று குளத்தில் இறங்கிய என் மாமனார் அந்த வெள்ளத்தில்தான் போனார். முதுகில் மூட்டை இருந்தாலும் அந்தப் படியை நாங்கள் மிதிப்பதில்லை, தாண்டித்தான் போவோம்.

ஓடுகளையெல்லாம் நொறுக்கிய ஆலங்கட்டி மழை ஒன்று வந்ததுண்டு. பள்ளிக்கூடக் கூரையைச் சுருட்டிக்கொண்டு போன காற்றும் ஒரு காலத்தில் வந்ததாம். அவற்றுக்கெல்லாம் படி கிடையாது. "தண்ணி தொட்டாத்தான் படி" என்பது மச்சானின் சட்டம். படியில் இல்லாததை ஊர் மறந்துவிட்டது.

நான் எழுத்துப் படித்ததே அந்தப் படிக்கட்டில்தான். மூட்டை பிடரியில் உட்கார்ந்துவிட்டால் வேறு எதுவும் கண்ணில் படாது. படி மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில், கூடத்துக்கு ஏறிவரும் மனைவி எனக்குப் பின்னாலேயே வந்து படித்துக் காட்டுவாள். "இப்ப சோப்பு மேல நிக்கறீங்க. முதல் எழுத்து சோ. அதுக்குப் பக்கத்துல ப், அதுக்கப்புறம் பு. காலை எடுங்க, மறைக்குது." ஊரில் பிள்ளைகளெல்லாம் அம்மா, அப்பா என்று தொடங்குவார்கள். நான் சோப்பு என்று தொடங்கினேன்.

இதுவரை சொன்னதெல்லாம் முன்கதை. அன்றைய மதியத்துக்கு வருகிறேன்.

இலை அசையவில்லை. வானம் வெந்த கத்தரிக்காய் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் லாரிக்காக வாசலில் கொக்கியும் கையுமாக நின்றிருந்தேன். வந்தது பாருங்கள் லாரி! முன் கண்ணாடியே இல்லை. டிரைவர் தலைமுடியெல்லாம் இலைச் சருகு. வண்டியை அணைக்காமலேயே குதித்து ஓடிவந்து, "வருது! வருது!" என்றார். அதற்கு மேல் அவருக்கு மூச்சு வரவில்லை.

மச்சானுக்கு அவ்வளவு போதும். "ஏறு!" என்று ஒரு கத்து கத்தினான். அந்தக் குரலுக்காகவே அவனை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது. கடைகளிலிருந்து ஆட்கள் கொட்டினார்கள், பைகள், பிள்ளைகள், ஒரு கூண்டுக் கிளி எல்லாம் எங்கள் வாசலுக்குள் புகுந்து படியில் ஏறத் தொடங்கின.

டிரைவர் மச்சானின் சட்டையைப் பிடித்துவிட்டார். "எதுக்குய்யா ஏறச் சொல்றே?"

"நீதானேய்யா வருதுன்னே? தண்ணி எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"தண்ணி யாருய்யா சொன்னா? காத்து! தும்பிக்கை மாதிரி தரையைத் தடவிக்கிட்டு வருது. அடுத்த ஊர்ல பஸ் ஸ்டாண்டு கூரையை உரிச்சு எறிஞ்சிருச்சு. மேல நிக்கறவன் எவனும் மிஞ்ச மாட்டான். பூமிக்குள்ள போகணும்!"

"தண்ணி இல்லாம எப்படிய்யா வரும்?" என்றான் மச்சான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. உச்சி மாடி, தகரக் கூரை, அதன் அடியில் அவள். அதோடு ஊரில் பாதியை மச்சான் அங்கேயே ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

"மாப்ள, குளத்துக் கதவைத் திற!" என்றேன்.

"குளத்தையா? மாமா, உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"திறடா!"

படியில் பாய்ந்தேன். கூட்டம் மேலே ஏற, நான் இடையில் புகுந்து ஏற, முழங்கை எல்லார் விலாவிலும் இடித்தது. "இறங்கு! இறங்கு!" என்று கத்தினேன். அதுதான் நான் செய்த கோமாளித்தனம்.

"அதுக்குள்ள வடிஞ்சிருச்சா?" என்று ஒருவர் நிம்மதியாகக் கிளிக்கூண்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இப்பல்லாம் வெள்ளம் கூடச் சீக்கிரம் போயிடுது" என்றார் இன்னொருவர். கன்றுக்குட்டிப் படியில் நின்று இரண்டு பேர் பழைய வாடகைச் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். இறங்கு என்றால் நிற்கிறார்கள், ஏறு என்றால் ஏறுகிறார்கள். 'ஓடு, கீழே, இப்பவே' என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லே இல்லை!

வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் கூடத்துக்குள் விழுந்தேன். வாசலில் அவள் நின்றிருந்தாள். எங்கள் படிக்கட்டுக்கு அவள்தான் ஏற்றுக்காரி. அதாவது, ஏறி வந்தவர்களை ஒழுங்காக உட்கார வைத்து, தண்ணீர் வடியும் வரை ஒருவரையும் கீழே விடாமல் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்குப் பின்னால் மேஜைகளில் பள்ளிச் சீருடைகள், இஸ்திரி போட்டு, கட்டி, மாலையில் அனுப்பத் தயாராக அடுக்கியிருந்தன.

"என்னங்க, யாரு இறங்குன்னு கத்தறது? நீங்களா? ஆத்தைப் பார்த்தீங்களா?"

"ஆறு இல்ல. காத்து. கூரை போயிடும். எல்லாரையும் குளத்துக்கு இறக்கு."

முகம் மாறிவிட்டது. "குளத்துக்கா?"

"குளத்துக்குத்தான். வேற வழி இல்ல."

"எங்கப்பாவை எங்க இருந்து எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? மச்சு நிறைய சனத்தை அதுக்குள்ள அடைக்கச் சொல்றீங்க. நாளைக்கு யாருங்க பதில் சொல்றது? என்னால முடியாது. உட்காருங்க."

"சொன்னாக் கேளு…"

"உட்காருங்கன்னேன்ல!"

பொத்தான் தைக்கிற அக்கா, எல்லாரையும் விட மூத்தவர், ஊசியை வாயில் வைத்தபடியே சொன்னார்: "தம்பி, வெயில்ல மூட்டை தூக்கினா இப்படித்தான் ஆகும். ஒரு ஓரமா உட்காரு."

ஜன்னலில் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வானத்துக்கும் தரைக்கும் நடுவே, கறுப்பாக ஒன்று நின்றது. நிற்பது போலத்தான் இருந்தது. நம் பக்கம் நேராக வருவது அப்படித்தான் தெரியும் என்று பிறகு டிரைவர் சொன்னார். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். அவள் வர மாட்டாள். மற்றவர்களை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவள்.

இவர்களுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். அது தண்ணீர்.

கூரைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து இஸ்திரி மேஜைக்குத் தடித்த குழாய் ஒன்று சுவரோடு இறங்குகிறது. காலையில்தான் தொட்டி நிறைந்திருந்தது. மூட்டைக் கொக்கியைக் குழாயின் கழுத்தில் மாட்டினேன். ஒரு காலைச் சுவரில் உதைத்து, ஈர மாவு மூட்டையை இழுப்பது போல உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தேன்.

'டமார்!'

அப்பா, என்ன பாய்ச்சல்! தண்ணீர் எதிர்ச்சுவர் வரை போய் அடித்தது. அடுக்கியிருந்த சீருடை அத்தனையும் நொடியில் நனைந்தது.

"யோவ்!" என்று அலறினாள் என் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை 'என்னங்க' தவிர வேறு சொல்லால் கூப்பிட்டதே இல்லை. கூடம் முழுக்க அதைக் கேட்டது. அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை.

"தண்ணி!" என்று கத்தினேன். "தண்ணி மேலேருந்து வருது! மேலேருந்து வருது! கீழ ஓடு!"

மந்திரம் போல வேலை செய்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணால் பார்க்கிறார்கள், காலில் படுகிறது, தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. அப்படியானால் கீழே போக வேண்டும்! பொத்தான் அக்கா ஊசியைத் துப்பிவிட்டு எல்லாரையும் முந்தினார். படியில் வாடகைச் சண்டை அந்தரத்தில் நின்றது. கிளிக்கூண்டு தலைக்கு மேல் பறந்தது. எங்கள் பின்னாலேயே தண்ணீரும் படி படியாகக் குதித்து இறங்கி வந்தது, விரட்டுகிற நாய் மாதிரி. வெள்ளைக் கோட்டை அன்று எத்தனை பேர் மிதித்தார்களோ. நானும் மிதித்தேன்.

கீழே வந்ததும் கூட்டம் தெருப் பக்கம் திரும்பியது. அங்கேதான் டிரைவர் கெட்டிக்காரர். மச்சானோடு சேர்ந்து வாசல் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு அதன் முன்னால் கையை விரித்து நின்றார். திறந்திருந்தது குளத்துக் கதவு ஒன்றுதான். பின்னால் தண்ணீர். எல்லாரும் உள்ளே போனார்கள்.

அவள் மட்டும் கதவோரம் நின்றுவிட்டாள். அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ போனாத்தான் நான் போவேன்" என்றேன்.

"வெளிய வந்ததும் உன்னை என்ன பண்றேன் பாரு" என்று சொல்லிவிட்டு, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கதவை இழுத்துச் சாத்தி, அதன் வளையத்தில் என் கொக்கியை மாட்டி, நானும் மச்சானும் டிரைவரும் தொங்கிக்கொண்டோம். கால்மாட்டில் தொட்டித் தண்ணீர் கதவு இடுக்கு வழியே கசிந்து வந்து சேர்ந்தது. கணுக்கால் நனைந்தது. இருட்டு. பீப்பாய் நாற்றம். ஒரே அமைதி.

வெளியே ஒன்றும் நடக்கவில்லை.

"யோவ்," என்றாள் அவள் இருட்டுக்குள். "எங்கய்யா உன் காத்து?"

யாரோ சிரித்தார்கள்.

"யோவ், உன்னைத்தான். அத்தனை துணியும் சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்கு. முதலாளிக்கு நீ பதில் சொல்றியா?"

"இன்னைக்குள்ள இஸ்திரி போட்டுறலாம்டி" என்றார் பொத்தான் அக்கா. "புருஷனை முதல்ல காயப்போடு."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். காற்று வராமல் திசை மாறிப் போய்விட்டால் நான் ஊரில் தலைகாட்ட முடியுமா? வந்துவிடு, வந்துவிடு என்று ஒரு கேட்டை நானே உள்ளுக்குள் அழைத்தேன் என்றால் நம்புவீர்களா?

"அக்கா," என்றான் மச்சான் மெதுவாக. "காது அடைக்குதுக்கா."

எல்லாருக்கும் அடைத்தது. கிளி சட்டென்று வாயை மூடியது. வாய்க்குள் இருக்கிற காற்றையே யாரோ பிடுங்குவது போல இருந்தது. பிறகு வந்தது! கருங்கல் ஏற்றிய லாரிகள் எல்லாம் ஒன்றாகத் தலைக்கு மேல் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. கதவு எங்களை மேலே இழுத்தது, நாங்கள் கதவைக் கீழே இழுத்தோம். டிரைவர் கால் தரையை விட்டு எழும்பியது. யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தன் பாரத்தையும் சேர்த்துத் தொங்கவிட்டார்கள். அந்தக் கையில் தையல் விரலுறை இருந்தது. "விட்டுறாதீங்க! விட்டுறாதீங்க!" என்று காதுக்குள் கத்தினாள். மறுபடியும் 'ங்க'!

மேலே தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. பழைய துணியைக் கிழிப்பது போல, அவ்வளவு சுலபமாக. அதன்பின் ஏதோ பெரிதாக உருண்டு போனது. பிறகு மழை. சாதாரண மழை, நல்ல பிள்ளை மாதிரி.

"முடிஞ்சிருச்சு," என்றார் டிரைவர்.

மச்சான் தொண்டையைச் செருமினான். பழக்கப்படி சத்தம் கொடுக்க வேண்டியவன் அவன். வாயைத் திறந்தான், மூடினான். "என்னன்னு கத்துறது? இறங்குன்னா இதுக்கும் கீழ எங்க போறது?"

"ஏறு!" என்று கத்தினாள் என் மனைவி. ஆபத்து முடிந்ததற்கு ஏறச் சொன்னது எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. எல்லாரும் போர்வை இல்லாத குறையாக ஆடி அசைந்து ஏறினோம்.

கூடத்தில் கூரை இல்லை. நேராக வானம். நாங்கள் உட்காரவிருந்த இடத்தில் தையல் மெஷின் ஒன்று தலைகீழாகச் சுவரில் செருகி நின்றது. தொட்டி அதன் இரும்புக் காலோடு போய் ஆற்று மணலில் கிடந்தது. ஊரில் கை கால் ஒடிந்தவர்கள் இருந்தார்கள், வீடு போனவர்கள் இருந்தார்கள். எங்கள் படியில் ஏறியவர்கள் மட்டும் முழுசாக நின்றோம். சீருடைகள் ஊரில் இருக்கிற மரத்திலெல்லாம் தொங்கின. ஒரு பள்ளிக்கூடமே மரம் ஏறி விளையாடுவது போல.

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு என் ஈரச் சட்டையைப் பார்த்தாள். "குழாயை அடியில திருகினாக் கழண்டுரும். அதை உடைக்கணுமா?" என்றாள். அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை.

சேறெல்லாம் வாரிக் கொட்டி முடிந்த ஒரு நாள், படிக்கட்டில் பஞ்சாயத்து கூடியது. இந்தக் காற்றையும் எழுத வேண்டும் என்றார்கள் எல்லாரும். மச்சான் பெயிண்ட் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அசையவில்லை.

"காத்துக்குப் படி கிடையாது. தண்ணி தொட்டாத்தான் படி. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

"தொட்டுச்சேடா," என்றாள் அவன் அக்கா.

"எங்க தொட்டுச்சு?"

"குளத்துல. கணுக்கால் வரைக்கும். நீயும்தானே நின்னே?"

மச்சான் யோசித்தான். சட்டப்படி அவனால் மறுக்க முடியவில்லை. மேலேயிருந்து வந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே? ஆனால் பெயருக்குச் சண்டை வந்தது. சீருடைக் காற்று என்றார் ஒருவர். குழாய் வெள்ளம் என்றார் கிளிக்காரர். பொத்தான் அக்கா ஒரு பெயர் சொன்னார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

குளத்துப் படியில் எழுத மச்சானுக்குக் கால் வரவில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டு கதவோரமே நின்றான். அவள்தான் அவன் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கினாள். இறங்கி, அடிப்படியில் குந்தி உட்கார்ந்து, அவசரமில்லாமல் எழுதினாள்.

இப்போது எங்கள் ஊரில் வெறுமனே "ஏறு" என்று கத்தினால் யாரும் நகர்வதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "தண்ணியா, காத்தா?" என்று தெரு முழுக்கத் திருப்பிக் கேட்கிறார்கள். பதில் வந்த பிறகுதான் கால் தூக்குகிறார்கள். குளத்தில் பீப்பாய்கள் இல்லை, பெஞ்சுகள் போட்டிருக்கிறோம்.

அன்று பெயிண்ட் காய்வதற்குள் அவள் என்னைக் கீழே கூப்பிட்டாள். விளக்கைப் படிக்கு நேராகப் பிடித்தாள்.

"படிங்க பார்க்கலாம்."

எழுத்துக் கூட்டினேன். எனக்கு வேகமாக வராது. "யோ… வ்… யோவ்!"

"யாரைப் பார்த்து யோவ்ங்கறீங்க?" என்றாள் அவள், விளக்கை என் முகத்துக்குத் திருப்பி.